கேஸ் அடுப்பு: எதைக் கழற்றலாம், எதைத் தொடக்கூடாது

கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர் பக்கத்து வீடுகளில் கேஸ் அடுப்பை அரிப்பது கடலின் உப்பு. உள்ளே திரும்பிச் சாகாமம், வயற்காணிப் பக்கம் போனால் வெள்ளாமை வெட்டுக் காலத்துத் தூசும் பூச்சிக்கூடும். இரண்டு இடத்துக்கும் பொதுவான கேடு பொங்கி வழிந்த கஞ்சி. இந்த மூன்றால் வரும் கோளாறுகளை ஒரு பழைய பல் பிரஷும் ஒரு ஸ்குரூ டிரைவரும் கொண்டு நீங்களே தீர்க்கலாம். அடுப்பைத் தூக்கிக்கொண்டு கடைக்கு அலைய வேண்டியதில்லை, புதிதாக வாங்கவும் வேண்டியதில்லை.

வீட்டில் செய்யக்கூடிய வேலைக்கு ஓர் எல்லை உண்டு. அந்த எல்லையை முதலில் சொல்லிவிடுகிறேன். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

கை வைக்கக்கூடாத நான்கு இடங்கள்

1. சிலிண்டர். தட்டுவது, சூடாக்குவது, படுக்க வைப்பது, ஒன்றிலிருந்து மற்றதுக்கு கேஸ் மாற்றுவது, எதுவும் கூடாது.
2. சிலிண்டரின் தலையில் உள்ள வால்வு. அதற்குள் ஊசி, குச்சி, ஆணி எதையும் விட்டு அமுக்கிப் பார்க்க வேண்டாம்.
3. ரெகுலேட்டரின் உட்பகுதி. அதைத் திறந்து திருத்தும் வேலையே கிடையாது. பழுதானால் புதிது வாங்க வேண்டும்.
4. அடுப்பின் குமிழுக்குப் பின்னால், கேஸைத் திறந்து மூடும் டெப்பின் உட்பகுதி. குமிழை மட்டும் இழுத்துக் கழற்றிக் கழுவலாம். அதற்குப் பின்னால் உள்ளது வேலை தெரிந்த பாஸின் கைக்கு உரியது.

இவை போக மீதி, அதாவது பேர்னர், ஜெட், ஹோஸ், கிளிப், பற்ற வைக்கும் பொறி, சட்டி தாங்கும் கம்பி, உங்கள் வேலை.

கேஸைப் பற்றி இவ்வளவு தெரிந்தால் போதும்

சமையல் கேஸ் என்பது புரொப்பேனும் பியூட்டேனும் கலந்தது. சிலிண்டருக்குள் அழுத்தத்தால் திரவமாக இருக்கிறது. ஒரு லீற்றர் திரவம் வெளியே வந்தால் ஏறத்தாழ 250 லீற்றர் வாயுவாகும். சிலிண்டரைப் படுக்க வைத்தால் வாயுவுக்குப் பதிலாகத் திரவமே ஹோஸுக்குள் இறங்கும். கூடாது என்பதற்குக் காரணம் இதுதான்.

இந்த வாயு காற்றை விடப் பாரமானது. புரொப்பேன் ஒன்றரை மடங்கு, பியூட்டேன் இரண்டு மடங்கு. ஆகவே கசிந்தால் மேலே போகாது, தரையில் படர்ந்து மூலையிலும் மேசைக்கு அடியிலும் தேங்கும். காற்றில் 2 வீதம் கலந்தாலே பற்றிக்கொள்ளும். நின்றுகொண்டு மணந்து பார்த்து ஒன்றுமில்லை என்று சொல்வது போதாது, குனிந்து மணக்க வேண்டும். கேஸுக்குத் தனக்கென்று மணம் கிடையாது. கசிவு தெரியவேண்டும் என்பதற்காகவே எதைல் மெர்கெப்டன் என்ற நாற்றப் பொருளைக் கலக்கிறார்கள்.

கலவை ஏன் முக்கியம் என்பதை நாடு 2021இல் கண்டது. அந்த ஆண்டு நவம்பர், டிசம்பர் மாதங்களில் நாடெங்கும் குசினிகளில் அடுப்புகள் வெடித்தன, கண்ணாடித் தட்டுகள் சிதறின. ஜனாதிபதி நியமித்த குழு, கலவையில் புரொப்பேனின் பங்கு கூடியதை முதன்மைக் காரணமாகக் காட்டியது. 30 பாகைச் சூட்டில் பியூட்டேனின் ஆவி அழுத்தம் 3 பாருக்குக் கிட்ட, புரொப்பேனுக்கு அது 10 பாரையும் தாண்டும். புரொப்பேன் கூடினால் சிலிண்டருக்குள் அழுத்தம் கூடும். தேய்ந்த ரப்பர் வளையமும் தளர்ந்த கிளிப்பும் அதுவரை தாங்கியதைத் தாங்காமல் விடும். கலவையை நம்மால் தீர்மானிக்க முடியாது. வளையத்தையும் ஹோஸையும் கிளிப்பையும் நல்ல நிலையில் வைத்திருப்பது நம் கையில் இருக்கிறது. இந்த அத்தியாயத்தில் நான் அதிகம் வற்புறுத்துவது அதைத்தான்.

தேவையான சாமான்

பழைய பல் பிரஷ் இரண்டு, நட்சத்திர ஸ்குரூ டிரைவர், தட்டை ஸ்குரூ டிரைவர், சிறிய ஸ்பனர், சவர்க்காரத் தூள், தேசிக்காய் அல்லது புளி, பழைய துணி, டோர்ச், செம்பு இழைகள் உள்ள பழைய மின்வயர்த் துண்டு. ஹோஸ் மாற்றுவதாக இருந்தால் புதிய ஹோஸும் இரண்டு புதிய கிளிப்பும். ஹாட்வெயார் கடையில் தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் ஹோஸை மலிவாக வெட்டித் தருவார்கள். அது கேஸுக்கு உதவாது, சில மாதத்தில் வெடித்துவிடும். கேஸுக்கென்று அச்சிட்டு, தரக் குறியும் திகதியும் உள்ளதைக் கேட்டு வாங்குங்கள்.

வேலையைத் தொடங்குமுன்

1. ரெகுலேட்டரை மூடுங்கள். பேர்னரில் மிச்சமிருக்கும் சுடர் தானாக அணையட்டும்.
2. குமிழ்களை மூடிவிட்டு, ரெகுலேட்டரைச் சிலிண்டரிலிருந்து கழற்றுங்கள். சிலிண்டரின் வாய்க்கு அதற்குரிய மூடியைப் போடுங்கள்.
3. சன்னல், கதவு இரண்டையும் திறவுங்கள்.
4. நுளம்புச் சுருள், சாம்பிராணிச் சட்டி, குப்பி விளக்கு, சிகரட், விறகடுப்பின் தணல் எதுவும் அந்த அறையில் இருக்கக்கூடாது.
5. அடுப்பு ஆறும்வரை பொறுங்கள். கண்ணாடித் தட்டு அடுப்பானால் குறைந்தது அரை மணி நேரம். சூட்டோடு இருக்கும் கண்ணாடியில் ஈரத்துணி பட்டாலே வெடிப்பு விழும்.

சமையல் முடிந்து அடுப்பு சூடாறும் பின்னேர நேரம் இதற்கு நல்லது. பகல் வெளிச்சமும் கிடைக்கும்.

சுடரைப் பார்த்துக் கோளாறைப் பிடிப்பது

ரெகுலேட்டரைக் கழற்றுவதற்கு முன்பாகவே ஒரு முறை அடுப்பைப் பற்றவைத்து, குசினி விளக்கை அணைத்துவிட்டுச் சுடரைப் பாருங்கள். நல்ல சுடர் நீலமாக, அடியில் கூரான சிறு கூம்புகளோடு, சத்தமில்லாமல் நிற்கும்.

*மஞ்சளாக, மெத்தென்று ஆடும் சுடர். சட்டியின் அடியில் கரி.* கேஸுக்குக் காற்றுப் போதவில்லை. பேர்னரின் குழலுக்குள் அடைப்பு. மூடிய குசினியில் இப்படி எரிந்தால் காபன் மொனொக்சைட்டு என்ற மணமற்ற நச்சு வாயுவும் சேரும். தலையிடி வருகிறதென்றால் அடுப்பை அணைத்து வெளியே வாருங்கள்.

*நீலச் சுடரில் அங்கங்கே செம்மஞ்சள் பொறிகள்.* இது வேறு. கடற்காற்றில் வரும் உப்பும், கழுவிய பின் தங்கிய ஈரமும் எரியும் நிறம் இது. சட்டியில் கரி பிடிக்காது. மருதமுனை, ஒலுவில் கரையோர வீடுகளில் இதைக் கண்டு பயந்து அடுப்பையே மாற்றியவர்கள் உண்டு. ஒரு வெள்ளி நிறத் தட்டைச் சுடரின் மேல் சில விநாடி பிடித்துப் பாருங்கள். கரி படியாவிட்டால் ஒன்றும் செய்ய வேண்டாம்.

*சுடர் பேர்னரை விட்டு எழும்பி, இரைச்சலோடு எரிவது.* அழுத்தம் அதிகம், அல்லது காற்று அதிகம். எல்லாப் பேர்னரும் ஒரே மாதிரி இரைந்தால் சந்தேகம் ரெகுலேட்டர் மீது. வீட்டு ரெகுலேட்டர் கேஸை ஏறத்தாழ 30 மில்லிபாருக்கு இறக்கித் தர வேண்டும். இறக்காவிட்டால் அதை மாற்றுங்கள்.

*"டப்" என்று உள்ளே இழுத்து, அடியில் ஜெட்டின் வாயில் எரிவது.* உடனே குமிழை மூடுங்கள். பேர்னர் மூடி சரியாக உட்காரவில்லை, அல்லது தேய்ந்துவிட்டது, அல்லது துளைகள் அடைத்துவிட்டன. இதை அப்படியே எரிய விட்டால் குமிழும் ஹோஸும் உருகும்.

*பாதி வட்டம் எரிந்து பாதி எரியாமல் இருப்பது.* துளை அடைப்பு. துப்புரவு செய்தால் போதும்.

பேர்னரைத் துப்புரவாக்குதல்

நோன்பு மாதத்தில் பின்னேரக் கஞ்சி பொங்கி வழிந்த அடுப்பைக் கழற்றிப் பார்த்திருக்கிறீர்களா? பித்தளை மூடியின் துளைகளில் அரிசிக் கஞ்சி வழிந்து, வெந்து, தவிட்டு நிறத்தில் ஓடு போலப் படிந்திருக்கும். அதன் மேல் தேங்காய்ப்பால் எண்ணெய், அதன் மேல் அடுத்த நாளின் கஞ்சி. மேலே துணியால் துடைத்தால் மினுங்கும், துளை மட்டும் அடைந்தபடியே இருக்கும்.

1. சட்டி தாங்கும் கம்பியையும் வழிதட்டையும் தூக்குங்கள். பேர்னர் மூடியைத் தூக்கி எடுங்கள். அது எந்தப் பக்கமாக உட்கார்ந்திருந்தது என்பதைப் பார்த்து வையுங்கள். பெரிய பேர்னரின் மூடியும் சிறியதன் மூடியும் மாறக்கூடாது.
2. மூடியின் கீழே உள்ள குழல் தனியாக வருமென்றால் அதையும் எடுங்கள். சில அடுப்புகளில் ஒரு ஸ்குரூ பிடித்திருக்கும்.
3. பித்தளை மூடியைச் சுடுதண்ணீரும் சவர்க்காரத் தூளும் கலந்து ஊற வையுங்கள். அரை மணி நேரம் போதும். பிறகு புளியோ தேசிக்காயோ தேய்த்து, பிரஷால் துளை துளையாக உரசுங்கள்.
4. குழல் அலுமினிய வார்ப்பாக இருந்தால், சோடாக்காரம் கலந்த தண்ணீரில் ஊற வைக்க வேண்டாம், அலுமினியம் அரித்துப் பொடியாகும். சவர்க்காரத் தண்ணீர் மட்டும்.
5. துளைகளைப் பல் குத்தும் ஈர்க்கால் குத்தி எடுங்கள். துளை பெரிதாகும்படி ஆணியால் குடைய வேண்டாம்.
6. குழலின் ஒரு முனையில் டோர்ச் அடித்து மறு முனையால் பாருங்கள். வெளிச்சம் முழு வட்டமாகத் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் உள்ளே சிலந்தி வலையோ மண்கூடோ உண்டு. நீளமான பிரஷ், அல்லது துணி சுற்றிய கம்பியால் இழுத்தெடுங்கள்.
7. நல்ல தண்ணீரில் அலசி, வெயிலில் ஒரு மணி நேரம் காய வையுங்கள். ஈரத்தோடு பூட்டினால் பட்பட்டென்று வெடித்து எரியும், மஞ்சள் வரும், மறுபடியும் கழற்ற வேண்டியிருக்கும்.

ஆறாவது படியைப் பலரும் தவறவிடுகிறார்கள். சாகாமம் பக்கத்து வீடொன்றில், "ராத்தா, இந்த முறை வந்த கேஸ் சரியில்லப் போல, சட்டியெல்லாம் கரி பிடிக்கிது" என்றார் அந்த வீட்டுப் பிள்ளை. சிலிண்டரையும் மாற்றிப் பார்த்துவிட்டார்கள். குழலைக் கழற்றித் தட்டினால், குளவி கட்டிய மண்கூடு ஒரு விரல் மொத்தத்தில் உடைந்து விழுந்தது. கேஸில் ஒரு குறையும் இல்லை. 2022இல் 12.5 கிலோ சிலிண்டர் 4,860 ரூபாவுக்கு ஏறி, அதுவும் கிடைக்காமல் வரிசை நின்ற நாட்களில், பல வீடுகள் விறகுக்குத் திரும்பி அடுப்பை மூலையில் ஒதுக்கின. அப்படிச் சும்மா கிடந்த அடுப்புகளில் இந்தக் கூடுகளை நிறையக் காணலாம். நீண்ட நாள் சும்மா இருந்த அடுப்பைப் பற்ற வைக்கும் முன் குழலைப் பார்க்காமல் விடாதீர்கள்.

ஜெட்

குழலின் வாய்க்கு நேரே நிற்கும் சின்னப் பித்தளை முனைதான் ஜெட். அதன் துளை ஒரு மில்லிமீற்றரிலும் சிறியது. அந்தத் துளையின் அளவு சுடரின் அளவைத் தீர்மானிக்கிறது. தையல் ஊசியை அதற்குள் விடாதீர்கள். ஊசி உருக்கு, ஜெட் பித்தளை, இரண்டு முறை திருகினாலே துளை அகன்றுவிடும். அகன்ற ஜெட்டில் கேஸ் கூடுதலாகப் பாயும், சுடர் மஞ்சளாகும், அதைச் சரிப்படுத்தவும் வழியில்லை, புதிய ஜெட்தான்.

செய்யவேண்டியது: மின்வயரில் இருந்து ஒரேயொரு செம்பு இழையை உருவி எடுங்கள். செம்பு மெதுவானது, பித்தளையைக் கீறாது. அதைத் துளையில் விட்டு மெல்ல வெளியே இழுங்கள். பிறகு சைக்கிள் பம்பால் ஒரு ஊது. ஜெட்டை ஸ்பனரால் கழற்றினால், திருப்பிப் பூட்டும்போது கையால் முழுவதும் திருகிய பிறகே ஸ்பனரால் சிறிது இறுக்குங்கள். அதிகம் இறுக்கினால் புரி போய்விடும்.

பொறி வராத அடுப்பு

பற்ற வைக்கும் வெள்ளைப் பீங்கான் முனையைத் துணியால் துடையுங்கள். பற்றரி உள்ள அடுப்பானால் பற்றரியின் முனையில் பச்சை பூத்திருக்கும், சுரண்டி எடுங்கள். பொறிக் கம்பிக்கும் பேர்னருக்கும் இடையே 4 மில்லிமீற்றர் அளவு இடைவெளி இருக்கட்டும். அப்படியும் வராவிட்டால் லைட்டர் இருக்கிறது, இதற்காகச் செலவழிக்க வேண்டாம்.

ஒன்று மட்டும்: லைட்டரைத் தட்டத் தொடங்கிய பின் குமிழைத் திறவுங்கள். திறந்து வைத்துவிட்டு நெருப்புப்பெட்டி தேடுவது, கையையும் முகத்தையும் சுட்டுக்கொள்ளும் வழி.

ஹோஸ் மாற்றுதல்

உப்புக்காற்று ஹோஸை உள்ளே ஒன்றும் செய்யாது, வெளியே கிளிப்பைத் தின்னும். கிளிப் கறல் பிடித்து அறுந்தால் ஹோஸ் நழுவும். ஆகவே மாதம் ஒரு முறை கிளிப்பைத் தொட்டுப் பாருங்கள். ஹோஸை வளைத்துப் பார்த்து, சிறு வெடிப்புக் கோடுகள் தெரிந்தால், அல்லது அது விறைத்துப் போயிருந்தால், அல்லது எலி கடித்த அடையாளம் இருந்தால், அன்றே மாற்றுங்கள். நல்ல நிலையில் இருந்தாலும் இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை மாற்றிவிடுவதே நல்லது. அதற்கான செலவு ஒரு நாள் கறிச் செலவுக்கு மேல் வராது.

1. ரெகுலேட்டரைச் சிலிண்டரிலிருந்து கழற்றி வெளியே எடுத்து வையுங்கள்.
2. பழைய கிளிப்பைத் தளர்த்தி ஹோஸை இழுங்கள். ஒட்டியிருந்தால் கத்தியால் நீளவாட்டில் கீறி உரியுங்கள். ஹோஸ் பூட்டும் முனையில் கீறல் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள், கீறலின் வழியே கேஸ் வரும்.
3. புதிய ஹோஸை ஒன்றரை மீற்றருக்கு மேல் வைக்க வேண்டாம். இழுபட்டும் இருக்கக்கூடாது, சுருண்டும் கிடக்கக்கூடாது.
4. கிளிப்பை முதலில் ஹோஸில் கோத்துக்கொண்டு, ஹோஸின் முனையைச் சுடுதண்ணீரில் நனைத்து மெதுவாக்கி, ஹோஸ் பூட்டும் முனையின் மேல் முழுவதும் தள்ளுங்கள். எண்ணெய், கிரீஸ் பூச வேண்டாம்.
5. கிளிப்பை முனையின் வரிகளுக்கு மேல் நிறுத்தி இறுக்குங்கள். ஹோஸ் சற்று அமுங்கினால் போதும், ரப்பரை வெட்டும் அளவுக்கு இறுக்க வேண்டாம். கம்பி முறுக்கிக் கட்டுவது கிளிப்புக்கு ஈடாகாது.
6. ஹோஸ் அடுப்பின் அடியால் ஊர்ந்து போகக்கூடாது. பின்பக்கமாக, சூடு படாமல் வளைந்து இறங்கட்டும்.

நுரைச் சோதனை

எதைக் கழற்றிப் பூட்டினாலும், சிலிண்டர் மாற்றினாலும், இந்தச் சோதனை முடியாமல் அடுப்பைப் பற்ற வைக்கக்கூடாது. நெருப்புக்குச்சி கொளுத்திப் பிடித்துப் பார்க்கும் பழக்கம் இன்னும் சில வீடுகளில் இருக்கிறது. அதை இன்றோடு விடுங்கள்.

1. ஒரு கோப்பைத் தண்ணீரில் சவர்க்காரத்தைக் கலக்கி நுரைக்க வையுங்கள்.
2. அடுப்பின் குமிழ்கள் மூடியிருக்க, ரெகுலேட்டரைத் திறவுங்கள்.
3. பிரஷால் நுரையை எடுத்து வரிசையாகப் பூசுங்கள்: சிலிண்டர் வால்வும் ரெகுலேட்டரும் சேரும் இடம், ரெகுலேட்டரில் ஹோஸ் பூட்டிய இடம், ஹோஸின் முழு நீளம், அடுப்பில் ஹோஸ் பூட்டிய இடம், குமிழின் அடி.
4. ஒவ்வொரு இடத்திலும் ஒரு நிமிடம் கண்ணெடுக்காமல் பாருங்கள். புதிதாகக் குமிழி முளைத்து வளர்ந்தால் கசிவு. பூசும்போது வந்த நுரை அசையாமல் நிற்கும், அது கணக்கில்லை.
5. கிளிப்பில் கசிந்தால் மூடி, இறுக்கி, மறுபடி பூசுங்கள். வால்வில் கசிந்தால் ரெகுலேட்டரைக் கழற்றி, அதன் வாயிலும் வால்வின் வாயிலும் டோர்ச் அடித்துக் கறுப்பு ரப்பர் வளையத்தைப் பாருங்கள். வெடித்தோ, பிய்ந்தோ, இல்லாமலோ இருந்தால் சிலிண்டரைப் பூட்டாமல் விற்பனையாளரிடம் திருப்பிக் கொடுங்கள். குமிழின் அடியில் கசிந்தால் பாஸைக் கூப்பிடுங்கள்.

சிலிண்டர் வாங்கும்போதே இரண்டு காரியம் பார்த்துக்கொள்ளலாம். சீல் உடையாமல் இருக்க வேண்டும். வெறும் சிலிண்டரின் நிறை அதன் உடலில் பொறித்திருக்கும். அதோடு 12.5 கிலோவைக் கூட்டினால் வரும் தொகையே தராசில் காட்ட வேண்டும். சிலிண்டரின் அடி வளையம் கறல் பிடித்துப் பொரிந்திருந்தால் வேறு கேளுங்கள். வீட்டில் ஈரத்தரையில் நேராக வைக்காமல் ஒரு மரத்தட்டின் மேல் நிமிர்த்தி வையுங்கள். அடுப்பு சிலிண்டரை விட உயரத்தில் இருக்கட்டும். மூடிய அலுமாரிக்குள் வைப்பதானால் அலுமாரியின் அடியில் காற்றுத் துளை வேண்டும்.

கேஸ் மணம் வந்தால்

இந்தப் பகுதியை வீட்டில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டுங்கள். முக்கியமாக நோன்பு காலத்தில் சஹருக்கு எழும்புகிறவர்களுக்கு. இரவு முழுக்கக் கதவடைத்த குசினி, தூக்கக் கண், கை முதலில் போவது லைட் சுவிட்சுக்கு. கசிவு இருந்தால் அந்தச் சுவிட்சின் பொறியே போதும். குசினிக் கதவைத் திறந்ததும் முதலில் மணந்து பாருங்கள், பிறகு லைட். இது பழக்கமாக வேண்டும். இரவு படுக்குமுன் ரெகுலேட்டரை மூடிவிட்டால் இந்தப் பயமே குறையும்.

மணம் வந்தால்:

1. சுவிட்சைப் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். ஃபிரிட்ஜ் வயரைப் பிடுங்க வேண்டாம். அங்கே நின்று போன் பேச வேண்டாம்.
2. எரியும் சுடர் இருந்தால் அணையுங்கள். கிட்டப்போக முடிந்தால் ரெகுலேட்டரை மூடுங்கள்.
3. கதவு, சன்னல் எல்லாம் திறவுங்கள். பின்கதவையும். கேஸ் தரையில் படர்வதால் சன்னலை விடக் கதவு உதவும்.
4. பிள்ளைகளையும் பெரியவர்களையும் வெளியே கொண்டுபோங்கள்.
5. மெயின் சுவிட்ச் மணம் எட்டாத இடத்தில் இருந்தால் மட்டும் அதை அணையுங்கள்.
6. கசிவு சிலிண்டரிலேயே என்றால், முடிந்தால் அதை நிமிர்ந்த நிலையிலேயே திறந்தவெளிக்கு எடுத்து வையுங்கள். கிணற்றுப் பக்கமோ வடிகான் பக்கமோ வேண்டாம், பள்ளத்தில் கேஸ் இறங்கும்.
7. வெளியே வந்த பிறகே போன். 119 பொலிஸ், 1990 சுவசெரிய அம்புலன்ஸ். கல்முனை மாநகர எல்லைக்குள் இருப்பவர்கள் மாநகர சபைத் தீயணைப்புப் பிரிவின் இலக்கத்தைக் கேட்டு வாங்கிக் குசினிக்கு வெளியே சுவரில் எழுதி வையுங்கள்.

ரெகுலேட்டர் வாயில் தீப்பிடித்தால், ஈரச் சாக்கால் அல்லது நன்றாக நனைத்த தடித்த துணியால் மூடி, துணிக்குள்ளால் ரெகுலேட்டரை மூடுங்கள். ஒரு முறைதான் முயலலாம். முடியாவிட்டால் விட்டுவிட்டு எல்லோரும் தூரப் போங்கள்.

சுட்ட இடத்தில் 20 நிமிடம் ஓடும் தண்ணீர். பற்பசை, முட்டை, ஐஸ் எதுவும் வேண்டாம். முகம், கை, மூட்டு சுட்டிருந்தால், தோல் கழன்றால், காயம் சிறிது என்று நினைக்காமல் வைத்தியசாலைக்குப் போங்கள். கல்முனையில் அஷ்ரப் ஞாபகார்த்த வைத்தியசாலை, தெற்கே அக்கரைப்பற்றிலும் திருக்கோவிலிலும் ஆதார வைத்தியசாலைகள் உள்ளன.

கச்சானும் வாடையும்

மே மாதத்தில் இருந்து செப்டெம்பர் வரை மேற்கே மலையைத் தாண்டி வரும் கச்சான், வறண்ட சூட்டோடு குசினிச் சன்னலால் அடிக்கும். அது சுடரை அணைத்துவிட்டுப் போகும், கேஸ் மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். ஆணம் கொதிக்கிறது என்று நினைத்து வாசலில் கதைத்துக்கொண்டிருக்கும் நேரத்தில் நடக்கும் காரியம் இது. சன்னலை அடைப்பது தீர்வல்ல. அடுப்பைச் சன்னலுக்கு நேரே இல்லாமல் பக்கச் சுவரோரம் மாற்றுங்கள். மட்டை, பலகை கொண்டு அடுப்பைச் சுற்றி மறைப்பவர்கள் இருக்கிறார்கள். அப்படி மறைத்தால் சூடு முழுவதும் குமிழுக்கும் ஹோஸுக்கும் திரும்பும். தகரத்தால் ஒரு பக்கம் மட்டும் மறைக்கலாம். அடுப்பைப் பற்ற வைத்தால் குசினியை விட்டுப் போகாமல் இருப்பதுதான் கச்சான் காலத்துக்கு ஏற்றது.

கலியாண வீட்டுக்கும் கந்தூரிக்கும் எடுக்கும் அகன்ற சட்டியை வீட்டு அடுப்பில் ஏற்றாதீர்கள். சட்டி அடுப்பின் ஓரத்தைத் தாண்டினால் சூடு கீழே மடங்கிக் கண்ணாடியையும் குமிழையும் தாக்கும்.

சிலிண்டரை முற்றத்தில் வைத்திருப்பவர்கள் நிழலில் வையுங்கள். வாடைக் காலத்து மழையில் நனைந்தால் அடி வளையத்தைத் துடைத்துக் காய வையுங்கள். கடலுக்குக் கிட்ட இருப்பவர்கள் வாரம் ஒரு முறை ரெகுலேட்டரையும் கிளிப்பையும் நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து, பின் உலர்ந்த துணியால் துடைத்தால், கறல் குறையும்.

வெள்ளம் வந்து போன பின்

நவம்பர், டிசம்பரில் குளங்கள் நிரம்பி வயலும் வளவும் ஒன்றாகும்போது குசினிக்குள்ளும் தண்ணீர் வரும். சிலிண்டர் தண்ணீரில் மிதக்கும். மிதந்து சாய்ந்தால் ஹோஸை இழுத்துக் கழற்றிவிடும். தண்ணீர் ஏறும் என்று தெரிந்தவுடன் ரெகுலேட்டரைக் கழற்றி, மூடி போட்டு, சிலிண்டரை உயரத்தில் நிமிர்த்தி வையுங்கள். முடியாவிட்டால் சன்னல் கம்பியோடு நிமிர்ந்தபடி கட்டுங்கள்.

தண்ணீர் வடிந்த பிறகு:

1. மூழ்கிய ரெகுலேட்டரைக் காய வைத்துப் பாவிக்க வேண்டாம். உள்ளே சேறு போயிருக்கும், அது அழுத்தத்தைக் கட்டுப்படுத்தாது. எறிந்துவிட்டுப் புதிது வாங்குங்கள். ஹோஸும் அப்படியே.
2. மூழ்கிய சிலிண்டரை வெளியே கழுவலாம். வால்வின் வாய்க்குள் சேறு தெரிந்தால் குத்தி எடுக்காமல் விற்பனையாளரிடம் கொடுங்கள்.
3. அடுப்பின் பேர்னர், குழல், ஜெட் எல்லாவற்றையும் மேலே சொன்ன ஒழுங்கில் கழற்றிக் கழுவி, இரண்டு நாள் வெயிலில் வையுங்கள். டெப்புக்குள் சேறு போயிருந்தால் குமிழ் கரகரவென்று திரும்பும். அப்படியானால் பாஸ் பார்க்காமல் பற்ற வைக்க வேண்டாம்.
4. வெள்ளத்தில் அடிபட்டு வந்த, யாருடையது என்று தெரியாத சிலிண்டர் வளவில் கிடந்தால் வீட்டுக்குள் எடுக்காதீர்கள். திறந்தவெளியில் நிமிர்த்தி வைத்துக் கிராம சேவகருக்குச் சொல்லுங்கள்.
5. எல்லாம் பூட்டிய பின் நுரைச் சோதனை. பிறகு கதவைத் திறந்து வைத்து, ஒரு பேர்னரை மட்டும் பற்ற வைத்து, ஐந்து நிமிடம் பக்கத்தில் நின்று சுடரைப் பாருங்கள். நீலமாக நின்றால் அடுத்ததைப் பற்ற வைக்கலாம்.